எதிர்த்தரப்புக்கு வக்காலத்து: வகுப்பு விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் நான் பாடம் எடுக்கும் பிளஸ் ஒன் வகுப்பில் ஒருநாள் சுருக்குமடி வலை, அதாவது மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் பெரிய வலை, பற்றிப் பேச்சு வந்தது. குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளிவிடும், சிறு படகுக்காரர் வயிற்றில் அடிக்கும், முழுத் தடை போட வேண்டும் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. எல்லோரும் தலையாட்டிவிட்டால் அப்புறம் யாரும் யோசிப்பதில்லை. அதனால் ஒரு பையனை எழுப்பி, “நீ வலைக்கு ஆதரவாப் பேசுப்பா” என்றேன். அவன் வாயே திறக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். மணி அடித்த பிறகுதான் தெரிந்தது, அவனுக்குத் தேவனாம்பட்டினம், அப்பா போவதே சுருக்குமடிப் படகில் என்று.

நான் பயிற்சி என்று நினைத்துக் கேட்டது அவன் வீட்டுச் சோற்றுப் பிரச்சினை. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை. இப்போதெல்லாம் எதிர்வாதத்தை நானே எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் தானாகக் கைதூக்குபவரிடம் கொடுக்கிறேன். “இது என் கருத்து இல்லை, பத்து நிமிஷம் அந்தப் பக்கத்துக்காகப் பேசுகிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஆசிரியர் நினைப்பதே அதுதான் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

அடுத்தது, எதிர்வாதத்தை நோஞ்சானாக நிறுத்துவது. “அவங்களுக்குப் பணத்தாசை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால் அது வாதமே இல்லை. கடன் வாங்கிப் படகும் வலையும் வாங்கியவர் என்ன செய்வார்? மத்தியும் கானாங்கெளுத்தியும் கூட்டமாகத் திரியும் மீன், அதைப் பிடிக்க இந்த வலைதானே தோது? தமிழ்நாட்டில் 2000-ல் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை அனுமதித்தது. முழுத் தடைதான் ஒரே வழி என்றால் நீதிமன்றம் ஏன் இப்படி நடுவில் நின்றது? இப்படிக் கேட்டால்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நம் மாவட்டத்துத் திருத்துறையூர்க்காரர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பரபக்கம், அதாவது மற்றவர் பக்கம், என்று ஒரு பகுதியே வைத்தார். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்து வைத்து, அப்புறம்தான் மறுக்கிறார். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்கும் பிறகு.

பட்டிமன்றம் ஆக்கிவிடாதீர்கள். கைதட்டலும் தீர்ப்பும் வந்துவிட்டால் ஜெயிப்பதில்தான் கண் போகும். வாயாடிப் பிள்ளை ஒருவரையே எப்போதும் எதிர்க்கட்சி ஆக்காதீர்கள். சாதி பார்க்கலாமா, பெண்ணைப் படிக்க வைக்கலாமா என்பதற்கெல்லாம் மறுபக்கம் தேடவே தேடாதீர்கள். அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மானம் அது.

அந்தப் பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் அவனே வந்து, “சார், நான் சின்னப் படகுக்காரங்க பக்கம் பேசட்டுமா?” என்றான். அவன் சித்தப்பா பைபர் படகில் போகிறவராம்.