ஒதுங்கி வாழும் எழுத்தாளரின் வாசகராக இருப்பது எப்படி?

ஒரு எழுத்தாளர் 'என்னை விட்டுவிடுங்கள்' என்று சொல்லும்போது, அவர் எந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார் என்பதை முதலில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாரும் எல்லாக் கதவுகளையும் சாத்துவதில்லை. இத்தாலியின் எலெனா ஃபெராண்டே எழுத்து மூலமான பேட்டிகளுக்குப் பதில் தருகிறார். மறைப்பது சொந்தப் பெயரையும் முகத்தையும் மட்டுமே. அமெரிக்கரான ஜே. டி. சாலிஞ்சரோ, 1951இல் வெளிவந்த தம் நாவலின் அட்டையிலிருந்த புகைப்படத்தைப் பின்வந்த அச்சுகளிலிருந்து நீக்கச் செய்தார். 1953இல் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் என்னும் சிற்றூருக்குக் குடிபோனார். 1965க்குப் பிறகு 2010இல் இறக்கும்வரை புதிய படைப்பு எதையும் வெளியிடவில்லை. ஆனால், அவரைத் துறவியாகக் கற்பனை செய்துகொள்வதும் தவறு. அக்கம்பக்கத்தாரோடு இயல்பாகப் பழகிய அவர் ஒதுக்கியது நம்மைப் போன்ற அந்நியர்களைத்தான்.

எழுத்தாளர் ஏதேனும் பேச இசைந்தால், எதற்காக இசைந்தாரோ அதைத் தாண்டாதீர்கள். கார்னிஷுக்கு வந்த புதிதில் சாலிஞ்சர் அவ்வூர்ப் பள்ளி மாணவர்களோடு நட்பாகப் பழகினார். உள்ளூர்ச் செய்தித்தாளின் பள்ளிப் பக்கத்துக்கென்று நம்பி ஒரு மாணவிக்கு அவர் அளித்த பேட்டி, பெரியவர்கள் படிக்கும் தலையங்கப் பக்கத்தில் வெளிவந்தது. அதன்பின் அந்த நட்பு முறிந்தது. பேட்டியில் பொய் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. இடம் மாறியதே குற்றம்.

அவர் வாழும் ஊருக்குப் போக நேர்ந்தால், வீட்டுக்கு வழி கேட்காதீர்கள். கார்னிஷ் மக்கள் தேடி வந்தவர்களுக்கு வழி சொல்ல மறுத்தார்கள், சிலர் வேண்டுமென்றே தவறான வழியையும் காட்டினார்கள். கடைக்காரரையும் அஞ்சல்காரரையும் அந்த நிலைக்குத் தள்ளுவது நம் ஆர்வத்தின் செலவை அவர்கள் தலையில் கட்டுவதாகும். மனத்தில் தோன்றியதைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் எதிர்பார்ப்பதாக ஒரு வரிகூட அதில் வேண்டாம். பதில் வராவிட்டால் நினைவூட்டலும் வேண்டாம்.

கடிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணம் உள்ளவர்களே இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். கடிதம் எழுதப்பட்ட தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்கள் எழுதியவருக்குச் சொந்தம். வாழ்க்கை வரலாற்றாசிரியர் இயன் ஹாமில்டன், பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த சாலிஞ்சரின் கடிதங்களைத் தம் நூலில் மேற்கோள் காட்ட முற்பட்டார்; மேற்கோள்களைக் குறைத்து, வேறு சொற்களில் நெருக்கமாகத் திருப்பி எழுதியும் பார்த்தார். சாலிஞ்சர் தொடுத்த வழக்கில், 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ஆகவே, நூலகம் படிக்க அனுமதித்தது என்பதாலேயே பதிப்பிக்கவும் அனுமதி கிடைத்துவிட்டதாகக் கொள்ளாதீர்கள். உங்களிடமே ஒரு கடிதம் இருந்தால், அதைப் படமெடுத்துப் பகிரும் முன் எழுதியவரின் இசைவைக் கேளுங்கள். கேட்க வழியில்லையென்றால் பெட்டியிலேயே இருக்கட்டும். 1999இல் சாலிஞ்சரின் தனிப்பட்ட கடிதங்கள் ஏலத்துக்கு வந்தபோது, மென்பொருள் தொழிலதிபர் பீட்டர் நார்ட்டன் 1,56,500 டாலருக்கு அவற்றை வாங்கி, எழுதியவரிடமே திருப்பித் தர முன்வந்தார். அவ்வளவு வசதி நமக்கு இல்லை. விற்காமல் இருப்பதற்கு வசதி தேவையுமில்லை.

பிறர் உடைத்துவிட்ட இரகசியத்தை என்ன செய்வது? 2016இல் ஒரு பத்திரிகையாளர் பதிப்பகத்தின் பணப் பட்டுவாடாக்களையும் சொத்துப் பதிவுகளையும் ஆராய்ந்து, ஃபெராண்டே இன்னார் என்று எழுதினார். 'ஊருக்கே தெரிந்ததுதானே' என்று அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லும் ஒவ்வொருவரும் அதே வேலையைத் தாமும் தொடர்கிறார்கள். நூலைப் பற்றி எழுதும்போது அட்டையிலுள்ள பெயரையே எழுதுங்கள்.

எழுத்தாளர் இறந்தபின் எல்லாம் திறந்துவிடுமா என்பதற்கு ஒரே விடை இல்லை. எப்போது திறப்பது என்பதைக் கடிதங்களை வைத்திருப்பவரும் எழுத்தாளரின் வாரிசுகளும் முடிவு செய்ய வேண்டும். நியூயார்க்கின் மார்கன் நூலகம், நண்பர் ஒருவருக்குச் சாலிஞ்சர் எழுதிய கடிதங்களை 1998இல் பெற்றும், அவர் உயிரோடிருந்தவரை காட்சிக்கு வைக்காமல் காத்திருந்தது.