ரேட்டிங் குறைந்தவர் ஜெயித்தால் மோசடியா? செஸ் குற்றச்சாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 செப்டம்பர் 4. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சிங்க்ஃபீல்டு கோப்பையின் மூன்றாவது சுற்று. 2861 ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) வைத்திருந்த உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், வெள்ளைக் காய்களோடு ஆடியும் 2688 ரேட்டிங் உள்ள 19 வயது ஹான்ஸ் நீமனிடம் தோற்றார். கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களில் 53 முறை தொடர்ந்து தோற்காமல் வந்தவருக்கு அது முதல் அடி. மறுநாள் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. "நான் வாயைத் திறந்தால் பெரிய சிக்கலாகிவிடும்" என்று கால்பந்துப் பயிற்சியாளர் மொரின்யோ சொல்லும் பழைய வீடியோவை மட்டும் போட்டார்.

அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த சில வாரங்கள் செஸ் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட நீமன் எப்படித் திருட்டுத்தனமாக எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) உதவியைப் பெற்றார் என்று விளக்கினார்கள். வெளியில் சொல்லக் கூசும் கருவி பற்றிய வதந்தி ஒன்று விளையாட்டாகக் கிளம்பி, தீவிரச் செய்தியாகவே உலகம் சுற்றியது. அந்தச் சம்பவத்தில் எல்லாத் தரப்பும் செய்த தவறுகள்தான் இன்றுவரை ஒவ்வொரு செஸ் சண்டையிலும் திரும்ப வருகின்றன.

தோல்வியையே ஆதாரமாக நினைப்பது

இதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர். ரேட்டிங் குறைந்தவர் ஜெயித்தால் ஏதோ கோளாறு என்று மனம் முதலில் நினைக்கிறது. ஆனால் ரேட்டிங் கணக்கு அப்படிச் சொல்வதில்லை. கார்ல்சனுக்கும் நீமனுக்கும் இடையே 173 புள்ளி வித்தியாசம். ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இருவரும் 100 ஆட்டம் ஆடினால் கீழே இருப்பவர் டிராக்களையும் சேர்த்து சுமார் 27 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுக்க வேண்டும். அப்படி எடுக்காவிட்டால்தான் அவருடைய ரேட்டிங்கில் ஏதோ பிழை என்று அர்த்தம். போதாததற்கு அன்று கார்ல்சன் ஆடிய ஆட்டம் அவர் தரத்துக்குச் சுமார்தான்.

ஒரே போட்டியில் நடந்த இரண்டு தோல்விகளைப் பாருங்கள். 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ். இரண்டாவது சுற்றில் 2512 ரேட்டிங் உள்ள கஜகஸ்தான் கிராண்ட்மாஸ்டர் அலிஷேர் சுலைமெனோவிடம் கார்ல்சன் தோற்றார். எதிராளி கைக்கடிகாரம் கட்டியிருந்ததைப் பார்த்ததுமே கவனம் சிதறிவிட்டது என்று ஆட்டத்துக்குப் பிறகு எழுதினார். குற்றம் சாட்டவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனாலும் பேச்சு கிளம்பிவிட்டது. அதே போட்டியில் ஏழாவது சுற்றில் தஞ்சாவூர்க்காரர் கார்த்திகேயன் முரளியிடமும் கார்ல்சன் தோற்றார். அதற்கு யாரும் சந்தேகக் கண்ணைத் திறக்கவில்லை, 'சபாஷ்' என்று கைதட்டினார்கள். இரண்டுமே பெரிய அதிர்ச்சிதான். ஒன்றில் கடிகாரம் பற்றிய ஒரு வரி பொதுவெளிக்கு வந்தது, இன்னொன்றில் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

இன்னொன்று. செயின்ட் லூயிஸ் ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்புதான் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்திய இரண்டாம் அணியின் முதல் பலகையில் ஆடிய 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். அப்போது அவர் ரேட்டிங் 2684, கிட்டத்தட்ட நீமன் அளவு. வெறும் எண்களை மட்டும் வைத்துச் சந்தேகப்படுவதென்றால் குகேஷைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அவர் உலக சாம்பியன்.

சிறுவர்களின் ரேட்டிங் அவர்களுடைய உண்மையான பலத்துக்குப் பின்னால்தான் ஓடிவரும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி 18 வயதுக்குள் இருப்பவருக்கு, ரேட்டிங் 2300ஐத் தொடும்வரை, ஒரு ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை முடிவுசெய்யும் கே மதிப்பு 40. அதாவது சமபல எதிராளியை ஜெயித்தால் 20 புள்ளி கூடும். 2400ஐத் தாண்டியவருக்கு அதே வெற்றிக்கு 5 புள்ளிதான். இவ்வளவு வேகம் கொடுத்தும் போதவில்லை. கொரோனா காலத்தில் போட்டிகளே இல்லாமல் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் ஆடித் தேறினார்கள், ரேட்டிங் மட்டும் 2020லேயே நின்றது. கீழ்மட்ட ரேட்டிங்குகள் மொத்தமாக இப்படிச் சுருங்கிவிட்டதால், 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே தடவையாக ஏற்றிக்கொடுத்தது. 1500 இருந்தவர் 1700 ஆனார், 1000 இருந்தவர் 1400 ஆனார். நம்ம ஊர் ஓபன் போட்டிகளில் 1900 ரேட்டிங் உள்ள அங்கிள் ஒருவர், கால் தரையில் எட்டாத பிள்ளையிடம் தோற்றுவிட்டு அதன் அப்பாவை முறைப்பது அடிக்கடி நடக்கிறது. முறைக்க வேண்டியது ரேட்டிங் பட்டியலை.

எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. 1996இல் அமெரிக்க ரேட்டிங் பட்டியலில் கிளாட் பிளட்குட் என்பவர் 2702 புள்ளியோடு உச்சிக்கு அருகே வந்தார். அவர் வர்ஜீனியா சிறையில் ஆயுள் கைதி. எஞ்சினும் இல்லை, ரகசியக் கருவியும் இல்லை. சக கைதிகளோடு மட்டுமே ஆயிரக்கணக்கில் ஆடி, அந்த மூடிய வட்டத்துக்குள்ளேயே அவருடைய எண் ஊதிப்போனது. ரேட்டிங் என்பது யாரோடு ஆடினோம் என்பதைப் பொறுத்த எண்தான்.

துல்லியச் சதவீதத்தை நம்பித் தீர்ப்பு எழுதுவது

'98 சதவீதத் துல்லியமாம், மனுஷன் ஆடுவானா?' ஆடுவான். எதிராளி இருபதாவது நகர்த்தலில் பெரிய தப்புச் செய்துவிட்டால், மிச்சத்தை ஓரளவு தேறிய யாரும் எஞ்சின் மாதிரியே ஆடி முடித்துவிடலாம். ஓபனிங்கில் பதினெட்டு நகர்த்தல் வீட்டில் எஞ்சினோடு தயார்செய்தது என்றால், அதுவும் சதவீதத்தில் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஒழுங்காக ஆராய்பவர்கள் ஓபனிங் நகர்த்தல்களையும், ஏற்கெனவே முடிவு தெரிந்துபோன நிலைகளையும் கழித்துவிட்டே கணக்குப் போடுவார்கள்.

நீமன் விவகாரத்தில் அவருடைய பல ஆட்டங்கள் எஞ்சினோடு நூறு சதவீதம் ஒத்துப்போகின்றன என்று ஒரு வீடியோ பரவியது. செஸ்பேஸ் மென்பொருளின் 'லெட்ஸ் செக்' வசதியிலிருந்து எடுத்த எண்கள் அவை. அதில் பலருடைய கணினிகளில் ஓடிய பல எஞ்சின்களின் பரிந்துரைகள் குவிந்து கிடக்கும். ஒரு ஆட்டத்தை எத்தனை பேர் அலசுகிறார்களோ, அத்தனைக்கு ஏதாவது ஒரு எஞ்சினோடு ஒத்துப்போகும் வாய்ப்பு கூடும். சர்ச்சை பெரிதானதும் எல்லோரும் நீமனின் ஆட்டங்களையே அலசினார்கள். எண்ணும் ஏறியது. நீமனின் இரண்டு வருட நேரடி ஆட்டங்களை ஆராய்ந்த பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் இன்டர்நேஷனல் மாஸ்டருமான கென்னத் ரீகன், மோசடிக்கான அறிகுறி இல்லை என்றே சொன்னார்.

தேர்ந்தெடுத்து எண்ணுவது இன்னும் மோசம். 2023 நவம்பரில், ஹிகாரு நகமுரா ஆன்லைன் பிளிட்ஸில் 46 ஆட்டத்தில் 45.5 புள்ளி எடுத்ததை முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் 'சுவாரசியம்' என்று சுட்டிக்காட்டினார். நகமுரா அந்தத் தளத்தில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடியவர், தன்னைவிட நிறையக் கீழே இருப்பவர்களோடும் சளைக்காமல் ஆடுபவர். அவ்வளவு ஆட்டங்களில் இப்படியொரு தொடர் வராவிட்டால்தான் ஆச்சரியம். சென்னையில் நவம்பர் மாதம் மட்டும் மழையை அளந்துவிட்டு இந்த ஊரில் வெயிலே அடிக்காது என்பதுபோன்ற கணக்கு அது. அந்தத் தளமான செஸ்.காமும் தாங்கள் ஆராய்ந்ததில் மோசடி எதுவும் தெரியவில்லை என்றது.

பெரிய கூட்டத்தில் தேடும்போது இன்னொரு பொறி உண்டு. சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் (சிதறலை அளக்கும் அலகு) மேலே தள்ளி நிற்கும் ஆட்டம், நேர்மையான ஆட்டக்காரருக்குச் சுமார் 740க்கு ஒருமுறை தானாகவே வரும். 7,400 பேரைச் சோதித்தால் பத்து அப்பாவிகள் அந்த வலையில் விழுவார்கள். முதலிலேயே வேறு காரணத்தால் சந்தேகப்பட்ட ஒருவரிடம் அந்த எண் வந்தால் அதற்கு ஒரு அர்த்தம். வலைவீசித் தேடிப் பிடித்தவரிடம் வந்தால் அதே எண்ணுக்கு வேறு அர்த்தம்.

புள்ளிவிவரம் விடுவித்தால் கதை முடிந்தது என்று நினைப்பது

சரி, அப்படியானால் எண்களில் ஒன்றும் தெரியாதவரெல்லாம் யோக்கியரா? அதுவும் தப்பு. முழு ஆட்டமும் எஞ்சின் பார்த்து ஆடுபவன் முட்டாள் திருடன், அவன் சிக்கிவிடுவான். உயர்மட்டத்தில் ஒன்றிரண்டு தகவல் போதும் என்று கார்ல்சனே சொல்லியிருக்கிறார். எந்த நகர்த்தல் என்றுகூடச் சொல்ல வேண்டாம், 'இங்கே ஏதோ இருக்கிறது, யோசி' என்று தெரிந்தாலே போதும்.

முன்பு லாட்வியாவுக்காக ஆடிய கிராண்ட்மாஸ்டர் இகோர்ஸ் ரவுசிஸ் ஐம்பது வயதுக்கு மேல் மெல்ல மெல்ல ஏறி, 58 வயதில் 2686ஐத் தொட்டார். ஃபிடேயின் குழு அவரை ஏற்கெனவே கவனித்து வந்தது. ஆனால் வழக்கு முடிந்தது எண்ணால் அல்ல. 2019 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்கில் கழிப்பறையில் போனோடு மாட்டினார். ஆறு வருடத் தடை, பட்டமும் போனது. 2010 ஒலிம்பியாட்டில் பிரான்ஸின் செபாஸ்தியன் ஃபெல்லர் விஷயத்தில் சிக்கிக்கொடுத்தது எஸ்எம்எஸ். வெளியில் இருந்த ஒருவர் எஞ்சின் பார்த்து நகர்த்தலை அனுப்ப, அணியின் பயிற்சியாளர் அரங்கில் எந்த மேஜைக்குப் பின்னால் போய் நிற்கிறார் என்பதை வைத்து அது ஃபெல்லருக்குப் போய்ச் சேர்ந்தது. எண் வழிகாட்டும். ஆனால் பெரிய வழக்குகளை முடித்துவைத்தது பெரும்பாலும் கையில் சிக்கிய பொருள்தான்.

ஆளைப் பார்த்து முடிவுகட்டுவது

நீமன் 12 வயதிலும் 16 வயதிலும் ஆன்லைனில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார். 2022 அக்டோபரில் வந்த செஸ்.காம் அறிக்கை 72 பக்கம். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும் என்றது. கார்ல்சனை ஜெயித்த நேரடி ஆட்டத்தில் ஏமாற்றியதற்கு நேரடி ஆதாரம் இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஆளாளுக்குத் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் படித்தார்கள். நீமன் பக்கமும் தவறு உண்டு. அரைகுறையாக ஒப்புக்கொண்டவரின் மிச்சப் பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய தப்பு ஒருவரைக் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் ஆகலாம், தீர்ப்பாக முடியாது. குற்றம் சாட்டுபவரின் யோக்கியதையும் அப்படித்தான். 2015இல் துபாய் ஓபனில் ஜார்ஜியாவின் கயோஸ் நிகாலிட்சே முக்கியமான கட்டங்களில் ஒரே கழிப்பறை அறைக்குள் போய்வருவதைக் கவனித்து நடுவரிடம் சொன்னவர் அர்மேனியாவின் திக்ரான் எல். பெட்ரோசியன். தேடினார்கள், உள்ளே போன் இருந்தது. நிகாலிட்சேவுக்கு மூன்று வருடத் தடை. 2020இல் ஆன்லைன் லீக் இறுதிப்போட்டிக்குப் பிறகு நேர்மை விதியை மீறியதாகச் செஸ்.காம் வெளியேற்றியது அதே பெட்ரோசியனை. அதனால் 2015 புகார் பொய்யாகிவிடுமா என்ன? கிராம்னிக்கும் 2006இல் எலிஸ்டாவில் குற்றம் சாட்டப்பட்ட பக்கத்தில் நின்றவர்தான். அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று எதிராளி டோபலோவ் தரப்பு கிளப்பிய புகாரால் உலக சாம்பியன் போட்டியே நின்றுபோகும் நிலை வந்தது. ஒரு ஆட்டத்தை ஆடாமலே இழந்து, கடைசியில் டைபிரேக்கில் ஜெயித்தார்.

ஜாடை பேசுவது

நேராகச் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். ஜாடையாகச் சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆனால் சேதம் அதே அளவுதான். வீடியோ போடுவது, 'சுவாரசியம்' என்று எழுதுவது, ஒரு நகர்த்தல் போட்டுவிட்டு ரிசைன் செய்வது எல்லாம் இந்த வகை. மூன்றாவதையும் கார்ல்சன் அதே செப்டம்பரில் ஆன்லைனில் நீமனுக்கு எதிராகச் செய்தார். சரியான காரணம் இல்லாமல் போட்டியிலிருந்து விலகியதற்காக ஃபிடே ஒழுங்குக் குழு 2023 டிசம்பரில் அவருக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. நீமன் தொடுத்த 10 கோடி டாலர் வழக்கு அதற்கு முன்பே தள்ளுபடியாகி, பிறகு சமரசத்தில் முடிந்தது.

கிராம்னிக்கின் தொடர் பதிவுகள் இன்னும் கசப்பானவை. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியின் ஆன்லைன் ஆட்டங்கள் மீது அவர் திரும்பத் திரும்பச் சந்தேகம் எழுப்பினார், நரோடிட்ஸ்கி மறுத்துவந்தார். 2025 அக்டோபரில் நரோடிட்ஸ்கி 29 வயதில் இறந்தார். அதன்பின் கிராம்னிக்கின் நடத்தை பற்றிய விவகாரத்தை ஃபிடே தன் ஒழுங்குக் குழுவிடம் அனுப்பியது. அந்த மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று வெளியில் இருந்தபடி முடிச்சுப் போடுவதும் ஆதாரமில்லாத குற்றச்சாட்டுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நடுவரைத் தாண்டிப் போவது

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? ஆட்டம் நடக்கும்போதே நடுவரிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் சமூக ஊடகத்தில் எழுதும்போது போன் எங்கேயோ போயிருக்கும், ஆளும் உஷாராகியிருப்பார். நடுவருக்குப் பையையும் உடைகளையும் தனியிடத்தில் சோதிக்க விதியில் அதிகாரம் உண்டு, அனுமதி இல்லாத மின்னணுக் கருவி சிக்கினால் ஆட்டம் அங்கேயே தோல்வி. எழுத்துப் புகார் கொடுப்பவர் எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று எழுத வேண்டும். 'நன்றாக ஆடினான்' என்பது அதில் ஒரு காரணம் ஆகாது. அடிப்படையே இல்லாத புகார் என்று தெரிந்தால் கொடுத்தவர் மீதே நடவடிக்கை வரவும் வழி இருக்கிறது.

2024 அக்டோபரில் ஸ்பெயின் அணிகளுக்கான போட்டி மெலில்யாவில் நடந்தது. கிராண்ட்மாஸ்டர் கிரில் ஷெவ்செங்கோ ஆட்டத்துக்கு நடுவே அதிக நேரம் கழிப்பறையில் இருப்பதை எதிராளிகள் கவனித்தார்கள். யாரும் ட்வீட் போடவில்லை, நடுவர்களிடம் சொன்னார்கள். உள்ளே ஒரு போனும், அதைத் தொடாதே என்று எழுதிய சீட்டும் கிடைத்தன. ஷெவ்செங்கோ அப்போதே வெளியேற்றப்பட்டார், பிறகு ஃபிடே அவருக்குத் தடை விதித்தது.