மூழ்கிய கப்பலை வீட்டிலிருந்தே தேடுவது எப்படி

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பில் ஆஃப் லேடிங், மேனிஃபெஸ்ட், டெலிவரி ஆர்டர், இதுதான் பிழைப்பு. ஒரு பெட்டி காணாமல் போனால் அதைத் தேடி யார்டுக்கு ஓடமாட்டோம். முதலில் காகிதத்தைத்தான் தேடுவோம். அந்தப் பெட்டியில் யாருடைய பணம் இருக்கிறதோ அவரிடம் நிச்சயம் ஒரு காகிதம் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல்களைத் தேடுவதும் இதே வேலைதான். இதை எப்படிச் செய்கிறேன் என்று ஒரு கப்பலை வைத்தே சொல்கிறேன்.

அந்தக் கப்பலின் பெயர் குவெட்டா. என் அப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா என்ற கப்பலில் டெக் பயணியாக, அதாவது மேல்தளத்தில் போகிற மலிவு டிக்கெட்டில், பினாங்கு போனவர். ரஜூலாவை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பழைய கப்பல்களைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோது, அதே குழுமத்தைச் சேர்ந்த இது கண்ணில் பட்டது. 1881இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி கம்பெனி கட்டிய நீராவிக் கப்பல். 3,302 டன், 380 அடி நீளம். லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கும் இடையே தபாலும் ஆட்களும் ஏற்றிப் போய்வந்தது. 1890 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே கால் வாக்கில், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் அடால்பஸ் தீவுக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உரசி அடிப்பக்கம் கிழிந்தது. ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கப்பலில் இருந்த 292 பேரில் 134 பேர் இறந்தார்கள்.

தேட உட்காரும்போது இப்படி ஒரே ஒரு கப்பலை, ஒரே ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அந்தக் காலத்துக் கப்பல் விபத்துகள்' என்று பொதுவாகத் தொடங்கினால் ஒரு மாசத்தில் கைவிட்டுவிடுவீர்கள். ஒரு தாளில் கப்பலின் பெயர், தேதி, இடம், எங்கிருந்து எங்கே போனது, கேப்டன் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தில் கேப்டன் பெயர்தான் மிகவும் உதவும். குவெட்டாவின் கேப்டன் சாண்டர்ஸ்.

அடுத்தது பத்திரிகை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காசு கிடையாது, கணக்குத் திறக்காமலே படிக்கலாம். நியூசிலாந்துக்கு இதேபோல் பேப்பர்ஸ் பாஸ்ட் இருக்கிறது. ட்ரோவில் ஆங்கிலத்தில் குவெட்டா என்று அடித்தேன். வந்து குவிந்ததெல்லாம் பலுசிஸ்தானத்துக் குவெட்டா நகரம். அதிலும் 1935இல் அங்கே நடந்த பெரிய நிலநடுக்கத்தின் செய்திகள். கப்பலுக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் அதிலேயே போனது. அப்புறம்தான் தேதியை 1890 மார்ச் மாதத்துக்குச் சுருக்கி, கூடவே கேப்டனின் பெயரையும் அடால்பஸ் என்ற தீவின் பெயரையும் சேர்த்தேன். உடனே வரிசையாக வந்து நின்றன. ஊர், ராணி, பூ, நதி என்று எந்தப் பெயரைக் கப்பலுக்கு வைத்திருந்தாலும் இதே தொல்லை இருக்கும். ஒரே பெயரில் பல கப்பல்களும் ஓடின. அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

செய்திகளைத் தேதி வரிசையில் மட்டுமே படியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்த வடகோடியில் உள்ள கேப் யார்க் முனை வரை தந்திக் கம்பி போயிருந்ததால்தான் இந்த விபத்து சீக்கிரம் வெளியே தெரிந்தது. தந்தியில் வந்த செய்தி துண்டு துண்டாகத்தான் வரும். எமிலி லேசி என்ற 16 வயதுப் பெண் ஒரு நாளுக்கும் மேலாகக் கடலில் நீந்தியும் மிதந்தும் கிடந்த பிறகுதான் அரசாங்கக் கப்பல் ஒன்று அவரைக் கண்டெடுத்தது. அதற்கு முன்னால் கிளம்பிய தந்தியில் பிழைத்தவர்கள் வரிசையில் அவர் பெயர் எப்படி இருக்கும்? யாரென்றே தெரியாத ஒரு சின்னக் குழந்தையும் பிழைத்தது. தர்ஸ்டே தீவில் ஒரு குடும்பம் அதை எடுத்து வளர்த்து, குவெட்டா என்றே பெயரும் வைத்தது. ஆக, முதல் நாள் எண்ணிக்கையும் பத்தாம் நாள் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: பத்திரிகைத் தேதி, தந்தி கிளம்பிய ஊர், எண்ணிக்கை, சொன்னவர் யார். புது எண் வந்ததும் பழையதை அடிக்காதீர்கள். இரண்டும் இருக்கட்டும். தினசரிகளைப் பார்த்து முடித்ததும் வாரப் பத்திரிகைக்குப் போங்கள். பிரிஸ்பேன் கூரியரில் துண்டுகளாக வந்ததை, குவீன்ஸ்லாண்டர் போன்ற வாரப் பத்திரிகையில் ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்கலாம்.

இப்போது பத்திரிகையில் வந்த, கப்பலில் இருந்தவர்களின் பட்டியலுக்கு வருவோம். நான் அதிகம் நேரம் செலவழிப்பது இங்கேதான். திரையில் வலது பக்கம் பழுப்பேறிய பத்தியின் படம், இடது பக்கம் கம்ப்யூட்டர் வாசித்த எழுத்து. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவேன். முதலில் சலூன் பயணிகள், அதாவது முதல் வகுப்புக்காரர்கள்: பெயர், இனிஷியல், கணவன், மனைவி, குழந்தை எல்லாமே இருக்கும். அப்புறம் அடுத்த வகுப்பு, அப்புறம் வெள்ளைக்கார அதிகாரிகள், இன்ஜினியர்கள். அதுவரை ஒரு வரிக்கு ஒரு மனிதர். அதன் பிறகு லஸ்கர்கள் (இந்திய, ஆசிய மாலுமிகள்) இத்தனை பேர், ஜாவாக்காரர்கள் இத்தனை பேர் என்று முடிந்துவிடும். கரும்புத் தோட்டத்தில் வேலை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும், கொதிகலன் அடுப்பில் கரி அள்ளிப் போட்டவர்களும் ஒரு எண்ணுக்குள் போய்விட்டார்கள். முதல் தடவை அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. அப்பாவும் டெக் பயணிதானே. ரஜூலா அன்றைக்கு மூழ்கியிருந்தால் அவரும் இப்படி ஒரு எண்ணாகத்தான் இருந்திருப்பார்.

பெயர்கள் நின்றுபோய் எண் மட்டும் தொடங்குகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்துதான் உண்மையான தேடல். என் ஆபீஸ் பாடத்தை இங்கே பயன்படுத்துங்கள்: இந்த மனிதனுக்காக யார் பணம் கொடுக்க வேண்டியிருந்தது?

மாலுமி என்றால் சம்பளம். சம்பளம் என்றால் ஒப்பந்தம். பிரிட்டிஷ் கப்பலின் மாலுமிகள் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாக வேண்டும். லஸ்கர்களுக்குத் தனி ஒப்பந்தத் தாள். இந்தக் காகிதங்கள் ஒரே இடத்தில் இல்லை. 1863 முதல் 1938 வரையிலான மாலுமிப் பட்டியல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் உள்ள கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1875, 1885, 1895 என்று ஐந்தில் முடியும் வருஷங்களுக்கு மிச்சமிருக்கும் பட்டியல்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில். ஒவ்வொரு வருஷத்திலும் பத்தில் ஒரு பங்கு லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில். இந்த மூன்றில் எதற்கு எழுதினாலும் கப்பலின் பெயர் போதாது. அதிகாரபூர்வ எண் வேண்டும். பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் பதிவின்போது ஓர் எண் கொடுப்பார்கள். முதலாளி மாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது, நம் வண்டியின் சேசிஸ் நம்பர் மாதிரி. க்ரூ லிஸ்ட் இன்டெக்ஸ் திட்டத்தின் தளத்தில் கப்பல் பெயரைப் போட்டால் எண் கிடைக்கும், இலவசம்தான். ஒரே பெயரில் நாலு கப்பல் வந்தால், லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் பதிவேட்டின் அந்த வருஷத்துப் புத்தகத்தில் டன்னையும் கட்டிய ஆண்டையும் ஒப்பிட்டுச் சரியானதைப் பிடியுங்கள். மொத்த டன் வேறு, நிகர டன் வேறு. பத்திரிகைகள் இரண்டையும் கலந்து எழுதும்.

பட்டியல் கையில் கிடைத்தால் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் டிண்டல் என்று எழுதியிருப்பது நம் கடற்கரையில் சொல்கிற தண்டல். செராங் என்பது சாரங்கு, மாலுமிகளின் தலைவர்; தண்டல் அவருக்கு அடுத்தவர். சீகனி என்று பார்த்தால் குழம்பாதீர்கள், அது சுக்கான் பிடிக்கும் சுக்கானி. பெயர்களை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதி பெயர்கள் அப்போதுதான் பிடிபடும். ஆனால் சொல் நம்முடையதாக இருப்பதால் ஆளும் தமிழர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தச் சொற்கள் வங்காளத்திலிருந்து பம்பாய் வரை எல்லாக் கப்பலிலும் புழங்கியவை. ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

விசாரணைப் பக்கம் கொஞ்சம் சுலபம். பிரிட்டனில் கப்பல் விபத்துகளைக் கவனித்த அரசுத் துறையான போர்டு ஆஃப் டிரேடின் விசாரணை அறிக்கைகளில் பெரும்பகுதியைச் சவுத்தாம்ப்டன் நகர நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. குவெட்டாவை விசாரித்தது குவீன்ஸ்லாந்தின் மரைன் போர்டு. கேப்டன் மீதும், கப்பலுக்கு வழிகாட்டிய பைலட் மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு. கடல் வரைபடத்தில் அந்தப் பாறை இல்லவே இல்லை. இன்றைக்கு அதற்குப் பெயர் குவெட்டா பாறை. அறிக்கையில் தீர்ப்பை விட சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கவனியுங்கள். யார் எந்தப் படகில் ஏறினார், எந்தப் படகு கவிழ்ந்தது, அதற்குள் எத்தனை நிமிஷம் ஆனது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சாட்சி சொன்னதைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி: நிலா. அந்தத் தேதியின் பிறையைக் கணக்கிடும் தளங்கள் நிறைய உண்டு, பழைய பஞ்சாங்கம் இருந்தாலும் சரி. 1890 பிப்ரவரி 28 வளர்பிறை, பௌர்ணமிக்கு இன்னும் ஐந்தாறு நாள். ஒன்பது மணிக்கு மேற்கு வானில் நல்ல வெளிச்சமாக நின்றிருக்கும். நிலா வெளிச்சம் இருந்தது என்று ஒருவர் சொன்னால் நம்பலாம். கும்மிருட்டு என்று எழுதியிருந்தால், அது மேகமா அல்லது பின்னால் சேர்த்த கதையா என்று பாருங்கள். கப்பலின் சுமைக் கோட்டையும் (எவ்வளவு ஆழம் வரை சுமை ஏற்றலாம் என்று பக்கவாட்டில் வரைந்த கோடு) இப்படி வருஷத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் போராட்டத்தால் 1876 சட்டம் அந்தக் கோட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதை எங்கே வரைவது என்பதை 1890 வரை முதலாளியே முடிவு செய்தார். 1880களில் மூழ்கிய சரக்குக் கப்பலைப் பற்றி 'கோடு நீருக்கு மேலேதான் இருந்தது' என்று யாராவது சொல்லியிருந்தால், அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

பணம் இருந்த இடத்தில் காகிதம் இருக்கும் என்றேன். அதை நான் முழுசாக நம்ப ஆரம்பித்தது வேறு இரண்டு கப்பல்களைப் பார்த்த பிறகு. 1884 மே 11 அன்று, கல்கத்தாவிலிருந்து பிஜிக்குக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிப் போன சிரியா என்ற கப்பல் நசிலாய் பவளத்திட்டில் மோதியது. பயணிகள் 497 பேர், அவர்களில் 56 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் போனது 1903க்குப் பிறகுதான், ஆகவே இதில் வடக்கத்தியர்களே அதிகம். ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு ஒன்று எழுதினார்கள்: பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும். ஐந்து வருஷ உழைப்பை விலைக்கு வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. அந்தச் சீட்டுகள் பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் போய்ப் பார்க்க முடிகிறது.

மூன்று வருஷம் கழித்து, 1887 மே 25 புயலில், கல்கத்தாவிலிருந்து ஒடிசாக் கரைக்குப் போன சர் ஜான் லாரன்ஸ் மூழ்கியது. எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பூரி ஜகந்நாதரைப் பார்க்கக் கிளம்பிய பெண்கள். டிக்கெட் வாங்கி ஏறியவர்கள், அவர்கள் உழைப்பை யாரும் வாங்கியிருக்கவில்லை. கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் ஒரு படித்துறையில் அவர்களுக்காக ஒரு கல் இருக்கிறது, சில ஆங்கிலேயப் பெண்கள் வைத்தது. அதில் கப்பலின் பெயரும் புயலின் தேதியும் இருக்கின்றன. இறந்தவர்கள் ஒருவர் பெயர்கூட இல்லை. இப்படிப்பட்ட கப்பலைத் தேடும்போது கம்பெனிக் காகிதத்தில் காலத்தை வீணாக்காதீர்கள். யாத்திரிகர் கிளம்பிய ஊரின் பாட்டு, குடும்பத்தில் திதி கொடுக்கும் நாள், கோயில் பண்டாவின் (யாத்திரிகர்களைக் கவனிக்கும் பூசாரி) வம்சாவளி நோட்டு என்று வீட்டுப் பக்கமாகத் தேடுங்கள். பூரியிலும் காசியிலும் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர் பெயர்களை எழுதி வைப்பார்கள். போனவர்கள் வந்து சேராவிட்டாலும், அதற்கு முன்னால் வந்த உறவினர் பெயர் அதில் இருக்கக்கூடும்.

கடைசியாக ஒரு வேலை. ட்ரோவில் கம்ப்யூட்டர் வாசித்த எழுத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பழைய அச்சில் மை படர்ந்த இடத்தில் 'டி' எழுத்தை அது 'எல்' என்று படித்துவிடும். அப்படிக் கெட்டுப்போன பெயர் தேடலில் வரவே வராது. நான் ஒரு பட்டியலைப் படித்து முடித்தால், படத்தைப் பார்த்து அந்த வரிகளை அங்கேயே சரிசெய்து சேமித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எண்ணிக்கை மட்டும் இருக்கும் வரிகளையும் விடுவதில்லை. லஸ்கர் என்ற சொல்லே பல இடங்களில் உடைந்து கிடக்கிறது. அதைச் சரியாக்கி வைத்தால், அடுத்து அந்தச் சொல்லை அடித்துத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைத்துவிடும்.