டிபன் வேனுக்கு பேட்டரி வாங்கும்போது
மேலே போட்டிருக்கும் ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) எண்ணை நம்பி வாங்காதீர்கள். அதில் எவ்வளவு எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டு விலையை ஒப்பிடுங்கள். வோல்ட்டை ஏ.ஹெச்.ஆல் பெருக்கினால் வருவது வாட்-அவர், அதாவது பேட்டரியில் இருக்கும் மொத்த மின்சாரம். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் (ஈய-அமில வகை) பேட்டரியில் 1,800 வாட்-அவர் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே கைக்கு வருவது 900தான். 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1,280. அதில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், ஆயிரத்தைத் தாண்டும். எடையும் மிகக் குறைவு. தினமும் விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும் வேனுக்கு இதுதான் கட்டுப்படியாகும். சார்ஜர் மட்டும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வாரச் சந்தைக்கு மட்டும் போகிறவர்களுக்கு டியூபுலரே போதும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இரண்டுமே சரிப்படாது, அரை மணி நேரத்தில் காலியாகிவிடும். சமையலுக்கு கேஸையே வைத்துக்கொள்ளுங்கள்.