மீன் வால் வைத்த குட்டிப் படகு: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

மதுரை வண்டியூர் கண்மாயில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும்போது மோட்டார் வைத்த பொம்மைப் படகை விட்டுப் பாருங்கள். நாலு முழம் போவதற்குள் விசிறியில் வேர் சுற்றி நின்றுவிடும். அதே தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை அது பாட்டுக்குப் போய் வருகிறது. சுற்றாமல் ஆடுகிற பொருளில் வேர் சுற்றிக்கொள்ள வழியில்லை. அதனால்தான் விசிறியைக் கழற்றிவிட்டு வால் வைத்தேன்.

வால் எப்படித் தள்ளுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைகையில் தண்ணீர் வரும்போது ஏ.வி. பாலத்தில் நின்று தூணுக்குப் பின்னால் பாருங்கள். இடது, வலது என்று மாறி மாறிச் சுழிகள் கிளம்பும். கார்மன் சுழல் வரிசை என்று இதற்குப் பெயர். இது தூணைப் பின்னுக்கு இழுக்கும் சுழி. மீன் வாலும் இதே மாதிரி மாறி மாறித்தான் சுழி விடுகிறது, ஆனால் சுழலும் திசை தலைகீழ். அதனால் இரண்டு சுழி வரிசைக்கும் நடுவே தண்ணீர் பின்னோக்கிப் பீய்ச்சப்பட்டு, மீன் முன்னே போகிறது.

தேவையானவை

எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்), ஆர்டுயினோ நானோ (நிரல் ஏற்றி ஓட்டும் குட்டிக் கணினிப் பலகை), நான்கு ஏஏ பேட்டரியும் அதற்கான பெட்டியும், 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, பழைய எக்ஸ்ரே ஃபிலிம், தெர்மாகோல் பலகை. கொஞ்சம் காசு கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்றால் எம்ஜி90எஸ் சர்வோ வாங்குங்கள். உள்ளே உலோகப் பல்சக்கரம், வால் எதிலாவது இடித்தாலும் பல் சீக்கிரம் உடையாது.

படகு உடல்

40 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், முன்னால் கூர்மை, பின்னால் ஒடுக்கம். தெர்மாகோல் என்றதும் சிரிக்காதீர்கள். 2017-இல் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க வைகை அணையில் விட்ட தெர்மாகோல் காற்றில் கரை ஒதுங்கியதே, அதில் நமக்கும் பாடம் இருக்கிறது: எடை இல்லாததைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் பேட்டரிகளை அடியோடு ஒட்டி, நடுவில் வையுங்கள். ஒட்டுவதற்கு உடனடியாகப் பிடிக்கும் சூப்பர் குளூ வேண்டாம், தெர்மாகோலைத் தின்றுவிடும். மரவேலைக்கு விற்கும், தண்ணீர் தாங்கும் பசை போதும்.

சர்வோ

சர்வோவுக்கு நீர் புகாமல் கிரீஸ், பலூன் என்று என்னென்னவோ சுற்றச் சொல்வார்கள். ஒன்றும் தேவையில்லை. தண்ணீருக்குள் வைத்தால்தானே அந்தக் கவலை! சர்வோவைப் பின்பக்க மேல்தளத்தில் தலைகீழாகப் பதியுங்கள். அதன் வெள்ளைக் கையில் ஸ்போக்ஸைக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் செங்குத்தாகக் கீழே இறக்குங்கள். வால் மட்டும் தண்ணீரில், மற்றதெல்லாம் மேலே.

சர்வோவின் பழுப்பு ஒயர் மைனஸ், சிவப்பு பிளஸ், ஆரஞ்சு நானோவின் 9-ஆம் பின்னுக்கு. சர்வோவுக்கு நான்கு ஏஏ, நானோவுக்கு 9 வோல்ட். இரண்டு பேட்டரியின் மைனஸையும் ஒன்றாக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் கிறுக்குப் பிடித்ததுபோல் துடிக்கும்.

வால்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

முதலில் பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டி வாலாக வைத்திருந்தேன். தண்ணீர் அலம்பியது, படகு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பெரிய சர்வோ போட்டால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது. விறைப்பான தகடு தண்ணீரைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும். நமக்கு வேண்டியது பின்னோக்கித் தள்ளுவது, அதற்கு வால் வளைய வேண்டும்.

எக்ஸ்ரே ஃபிலிமில் 6 செ.மீ. உயரத்துக்கு மூன்று துண்டுகள் வெட்டுங்கள்: 9, 6, 3 செ.மீ. நீளம். மூன்றையும் ஒரு ஓரமாக அடுக்கி, அந்த ஓரத்தை ஸ்போக்ஸோடு சேர்த்து ஒட்டுங்கள். அடியில் மூன்று அடுக்கு, நுனியில் ஒரே அடுக்கு. அடி விறைப்பு, நுனி நெகிழ்வு.

மோட்டாரில் மாட்டும் முன் வாளித் தண்ணீரில் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பியைத் திருப்பும் நொடியில் நுனி இன்னும் பழைய பக்கமே போய்க்கொண்டிருந்து, பிறகு திரும்ப வேண்டும். அந்தத் தாமதம் இருந்தால் வால் சரி. பின்னால் ஒரு துளி சொட்டு நீலம் விட்டால் இன்னும் தெளிவு: இடமும் வலமும் நீலச் சுருள்கள், நடுவில் ஒரு கோடு நேராகப் பின்னால் ஓடும். சுருள் பக்கவாட்டில் சிதறினால் வால் இன்னும் விறைப்பு, நடு அடுக்கைக் குறையுங்கள்.

தலையாட்டம்

வால் ஆடும்போது படகின் மூக்கும் இடமும் வலமுமாக ஆடும். சக்தியில் ஒரு பங்கு அதிலேயே வீணாகும். மீனுக்கு உடம்பின் முன்பகுதி ஆழம், வால் ஒட்டும் இடம் ஒடுக்கம், அதனால் தலை அவ்வளவாக ஆடுவதில்லை. நமக்கு அந்த வசதி இல்லை. படகின் முன் மூன்றிலொரு பங்கில், அடியில் உள்ளங்கை அளவு தகடு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வேகம் கூடுவது கண்ணுக்கே தெரியும்.

நிரல்

ஆர்டுயினோவோடு வரும் ஸ்வீப் உதாரணத்தை அப்படியே ஓட்டாதீர்கள். ஒரு பாகைக்கு 15 மில்லிநொடி வீதம் நகர்வதால் மிக மெதுவு. இந்தச் சூத்திரம் போடுங்கள்:

கோணம் = 90 + 30 × சைன்(2 × பை × 2 × நேரம்)

நேரம் நொடியில், 20 மில்லிநொடிக்கு ஒருமுறை கணக்கிட வேண்டும். இரண்டாவதாக வரும் 2 என்பது நொடிக்கு இரண்டு முறை ஆடுவது. நான்குக்கு ஏற்றினால் எஸ்ஜி90 தண்ணீரில் ஈடுகொடுக்காது. 90-ஐ 75 அல்லது 105 ஆக்கினால் படகு திரும்பும், தனிச் சுக்கான் வேண்டாம்.

சரியாக ஓடுகிறதா?

வால் நுனி ஆடும் மொத்த அகலத்தை நொடிக்கான ஆட்டத்தால் பெருக்கி, படகின் வேகத்தால் வகுங்கள். இது ஸ்ட்ரோஹால் எண். நன்றாக நீந்தும் மீனுக்கும் டால்பினுக்கும் இது பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை. நுனி 6 செ.மீ., ஆட்டம் 2, வேகம் நொடிக்கு 30 செ.மீ. என்றால் 0.4. வேகம் 15 என்றால் 0.8, வால் தண்ணீரைக் கலக்குகிறது, படகைத் தள்ளவில்லை.

பெரிய கப்பலுக்கு இது ஆகுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். 2008-இல் ஜப்பானின் கெனிச்சி ஹோரியே, முகப்பில் இரண்டு துடுப்புகள் வைத்த சன்டோரி மெர்மெய்ட் 2 படகில் அலையின் விசையாலேயே ஹவாயிலிருந்து ஜப்பான் போய்ச் சேர்ந்தார். 2023-இல் ஏபிபி நிறுவனம் திமிங்கில வாலைப் பார்த்து வடிவமைத்த டைனாஃபின் உந்தியை அறிவித்தது. ஆனாலும் விசிறி ஒரே தண்டில் சுற்றும் எளிய சாமான், வாலுக்கு அசையும் பாகங்கள் அதிகம். அதனால் கப்பல்காரர்கள் லேசில் மாற மாட்டார்கள்.

பின்சேர்க்கை

“வால் அசையவே இல்லை, ஒயரெல்லாம் சரி” என்று எழுதியவர்களுக்கு: மில்லிநொடியை 1000-ஆல் வகுத்திருப்பீர்கள். முழு எண் வகுத்தலில் பின்னம் உதிர்ந்து நேரம் 1, 2, 3 என்றே வரும், அந்த நொடிகளில் சைன் எப்போதும் பூஜ்யம். 1000.0 என்று புள்ளியோடு போடுங்கள், ஆடும்.

தெப்பக்குளத்தில் விடலாமா என்று கேட்டவருக்கு: முதலில் மொட்டை மாடித் தொட்டி. கண்மாய்க்குப் போனால் படகின் பின்னால் தூண்டில் நரம்பு கட்டிவிடுங்கள், பேட்டரி தீர்ந்தால் நீந்திப் போய் எடுக்க முடியாது.