கடைக்கு ட்யூப் லைட் பூட்டுறாக்கள் கவனிங்க
கல்முனை, காத்தான்குடிப் பக்கம் கடலுக்குக் கிட்ட கடை வச்சிருக்கிறாக்களுக்குத்தான் முக்கியமா சொல்றன். சுவர்ல உள்ள சுவிட்ச மட்டும் நிப்பாட்டிட்டு கை வைக்காதீங்க, சில கடைகள்ல சுவிட்ச நியூட்ரல் வயர்ல (கரண்ட் திரும்பிப் போற வயர்) குடுத்திருப்பாங்க, லைட் அணைஞ்சிருக்கும் ஆனா உள்ளுக்க 230 வோல்ட் அப்பிடியே நிக்கும், அதால மெயின் சுவிட்ச நிப்பாட்டி டெஸ்டராலயும் ஒருக்காப் பாருங்க. லைட்டோட தகரப் பட்டிக்கு ஏர்த் வயர் கட்டாயம், உப்புக்காத்துல துருப்பிடிச்சா அந்த ஏர்த் விட்டுப்போகும், இடைக்கிடை பாக்கத்தான் வேணும். லைட்டுக்குப் போற கரண்டக் கட்டுப்படுத்துற சோக் நல்லா சூடாகும், காட்போட் பெட்டிய அதுல முட்ட அடுக்காதீங்க. ட்யூப் உடைஞ்சா உள்ளுக்க பாதரசம் இருக்கு, கதவத் திறந்துவிட்டு கொஞ்சநேரம் வெளிய நில்லுங்க, பிறகு தும்புத்தடியால கூட்டாம காட்போட் மட்டையால அள்ளி மூடியுள்ள போத்தல்ல போடுங்க, சின்னப் பிள்ளைகள கிட்ட விடவே வேணாம்.