ஜீவபலி: முழு வாழ்க்கையையும் துண்டு துண்டாகப் படைப்பது எப்படி

கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் கடைசிப் பாட்டுக்குக் கை தூக்கி "என்னையே தருகிறேன்" என்று சொல்லிவிடலாம். செவ்வாய்க்கிழமை ஆபீஸில் போய் உட்காரும்போதுதான், தந்தது எதை என்ற குழப்பம் வரும்.

ரோமர் 12:1-இல் சரீரங்களை ஜீவபலியாக, அதாவது உயிரோடிருக்கிற பலியாக, ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார் பவுல். பலி எப்படி நடந்தது என்று பார்த்தால் வழி தெளிவாகும். லேவியராகமம் 1-இன்படி சர்வாங்க தகனபலியை, அதாவது பீடத்தில் முழுவதும் எரிக்கிற பலியை, அப்படியே தூக்கிப் பீடத்தில் போடவில்லை. தோலுரித்து, துண்டு துண்டாக வெட்டி, குடல்களையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவி, கட்டைகள்மேல் அடுக்கினார்கள். முழுவதும் பீடத்துக்குப் போனது, ஆனால் துண்டுகளாகப் போனது.

ஆகவே ஒரு தாளில் சரீரம், நேரம், பணம், வேலை, உறவு என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இந்த வாரத்துக்கு ஒரே ஒரு காரியம் குறியுங்கள். "நாவைக் காப்பேன்" என்று எழுதினால் பிடிபடாது. "மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசமாட்டேன்" என்று எழுதுங்கள். செய்தோமா இல்லையா என்று ராத்திரி சொல்ல முடியவேண்டும்; அதுதான் அளவு.

காலையில் போனைத் தொடுமுன் பதினைந்து நிமிடம் போதும். லேவியராகமம் 6-இல் ஆசாரியன் காலையில் முதலில் சாம்பலை அள்ளுகிறான், பிறகு கட்டைகளை வைக்கிறான். அதே வரிசை இங்கேயும். நேற்றுத் தவறியதைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். அடுத்து ஒரு சங்கீதமோ சுவிசேஷப் பகுதியோ வாசியுங்கள். பிறகு அன்றைய வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்புக்கொடுங்கள்: பத்து மணி மீட்டிங், ரேஷன் கடை, பிள்ளையின் கணக்குப் பாடம். பலரும் சாம்பலை விட்டுவிட்டு நேராகக் கட்டைக்குப் போகிறார்கள். குற்ற உணர்வு சேர்ந்துகொண்டே போய், கொஞ்ச நாளில் ஜெபமே நின்றுவிடும்.

பணத்தில் முந்தினதைக் கொடுப்பதா மிஞ்சினதைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. சம்பளம் விழுந்த அன்றே காணிக்கையை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைத் தருவது, மல்கியா 1:8 கண்டிக்கிற ஊனமான மிருகம்தான். சமையலறையில் இதைப் பழக நம் சபைகளில் பிடியரிசி வழக்கம் உண்டு. அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மூடியுள்ள டப்பா ஒன்று வையுங்கள். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து, களையுமுன், ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். மூட்டையிலிருந்து தனியாக அள்ளினால் வீட்டில் யாருக்கும் ஒரு கவளம்கூடக் குறையாது. அது வழக்கத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும். வண்டு விழுந்த அரிசியைத் தள்ளிவிடும் இடமும் அதுவல்ல. டப்பாவை வாரந்தோறும் காலிசெய்து ஆலயத்துக்குக் கொண்டுபோங்கள்.

வேலையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று அல்ல, கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யச் சொல்கிற கொலோசெயர் 3:23 போதும். யாரும் சரிபார்க்காத கணக்கைச் சரியாகப் போடுவது ஆராதனை. ஆபீஸ் நேரத்தில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது, சம்பளம் தருகிறவரின் நேரத்தை எடுத்துப் படைப்பது.

ஆர்வமுள்ளவர்கள்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். பாடகர் குழு, வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபக்கூட்டம் என்று வாரம் முழுக்க ஓடுகிறவர் வீட்டில், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளிருக்காது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. புதிதாக ஒரு ஊழியத்தை ஏற்குமுன், அந்த மணி நேரம் யாரிடமிருந்து போகிறது என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளில் உறவு என்பதன் கீழ் எதுவும் எழுதாமலே விடுகிறவர்கள் உண்டு. மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறது. சொத்துப் பிரச்சினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் இருந்தால், ஞாயிறு ஆராதனைக்கு முன், சனிக்கிழமையே போன் செய்யுங்கள். வழக்கைப் பற்றிப் பேசாமல், உங்கள் பக்கத்துத் தவறை மட்டும் சொல்லுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை முயலுங்கள். அதற்குமேல் உங்களை வாட்டிக்கொள்ள வேண்டாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 அதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது.